எழுந்து நின்றால் ஏன் கவிழ்கிறது?

பழவேற்காடு ஏரியிலும் சென்னையைச் சுற்றியுள்ள ஏரி, கழிமுகங்களிலும் மீன்பிடிப்பதை வேடிக்கை பார்த்தவர்களுக்கு ஒரு சந்தேகம் வந்திருக்கும். சாக்குத்துணி சுற்றிய தெர்மாகோல் கட்டு ஒன்று. ஒரு மீட்டர் அகலம்கூட இருக்காது. அதன்மேல் ஒருவர் நின்றபடி சர்வ சாதாரணமாக வலையை இழுத்துக்கொண்டிருப்பார், தெப்பம் லேசாக அசையும், அவ்வளவுதான். மழை விட்ட பிறகு ஊர் ஏரியில் நீலப் பேரல்களைக் கட்டி மிதவை விடும் இளைஞர்களுக்கு நடப்பது வேறு. தள்ளிவிட்டதும் மிதவை அருமையாக மிதக்கும். ஒருவர் ஏறி உட்கார்ந்தாலும் மிதக்கும். அவர் கையைத் தூக்கிக்கொண்டு எழுந்து நிற்பார். அடுத்த நொடி ஆள் தண்ணீரில், பேரல்கள் தலைகீழ்.

ஏறிய எடை மாறவில்லை. மிதவையில் ஓட்டை விழவில்லை. கவிழ்ந்த பிறகும் பேரல்கள் மிதந்துகொண்டுதான் இருக்கின்றன. அப்படியானால் எழுந்து நின்றதில் என்ன மாறியது?

பள்ளிக்கூடத்தில் சொன்னது பாதிதான்

ஆர்க்கிமிடீஸ் தத்துவம் நமக்கு மனப்பாடம். ஒரு பொருள் எவ்வளவு தண்ணீரை விலக்குகிறதோ அந்தத் தண்ணீரின் எடைக்குச் சமமான விசை அதை மேலே தள்ளும். 75 கிலோ எடையுள்ள எதுவும் மிதக்க வேண்டுமானால் 75 லிட்டர் தண்ணீரை விலக்கினால் போதும். வீட்டில் படகு செய்கிறவர்கள் பெரும்பாலும் இந்தக் கணக்கோடு நிறுத்திவிடுகிறார்கள். ஒரு பேரல் 200 லிட்டர், நாலு பேரல் 800 லிட்டர், ஆகவே பத்து பேர் போகலாம் என்பது அவர்கள் முடிவு.

இந்தக் கணக்கு ‘மூழ்குமா?’ என்ற கேள்விக்கு மட்டும்தான் பதில் சொல்லும். ‘நிமிர்ந்து நிற்குமா?’ என்பது தனிக் கேள்வி. ஆர்க்கிமிடீஸுக்கே இது தெரியும். மிதக்கும் பொருள்கள் பற்றி அவர் எழுதிய நூலின் இரண்டாம் பாகம் முழுக்க, சாய்த்துவிட்ட பொருள் எப்போது நிமிரும் என்பதைப் பற்றியதுதான். குளியல் தொட்டிக் கதை சுவாரசியமானது என்பதால் அது பிரபலமாகி, இது நூலகத்திலேயே தங்கிவிட்டது.

இரண்டு புள்ளிகளின் போட்டி

மிதக்கும் படகின் மேல் இரண்டு விசைகள் வேலை செய்கின்றன. படகு, ஆள், வலை எல்லாம் சேர்ந்த மொத்த எடையும் ஒரு புள்ளியில் குவிந்து கீழே இழுப்பதாக வைத்துக்கொள்ளலாம். இதை எடை மையம் என்போம். தண்ணீர் மேலே தள்ளும் விசையையும் ஒரு புள்ளியில் குவித்துப் பார்க்கலாம். தண்ணீருக்குள் இருக்கும் பாகத்தின் நட்டநடுவில் அது இருக்கும். இது மிதப்பு மையம்.

படகு நேராக இருக்கும்போது இரண்டும் ஒன்றுக்கு மேல் ஒன்றாக ஒரே செங்குத்துக் கோட்டில் இருக்கின்றன. வலப்பக்கம் கொஞ்சம் சாய்ந்தால் என்ன ஆகும்? நின்றுகொண்டிருக்கும் ஆளும் வலப்பக்கம் சாய்வார். எடை மையம் வலப்பக்கம் நகரும். அதே சமயம் படகின் இடது விளிம்பு தண்ணீரைவிட்டு ஓர் ஆப்பு வடிவத்தில் மேலே எழும், வலது விளிம்பு அதே அளவு ஆப்பாக உள்ளே இறங்கும். தண்ணீருக்குள் இருக்கும் வடிவம் மாறிவிட்டதால் மிதப்பு மையமும் வலப்பக்கம் நகரும்.

ஆக, இரண்டும் சாய்ந்த பக்கமே ஓடுகின்றன. எது அதிக தூரம் ஓடுகிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. மிதப்பு மையம் முந்தினால், தண்ணீர் வெளி விளிம்பிலிருந்து தூக்கிப் படகை நிமிர்த்திவிடும். எடை மையம் முந்தினால், தண்ணீர் உள்பக்கமிருந்து தள்ளி, கவிழ்வதற்கு உதவி செய்யும். காப்பாற்ற வந்த விசையே ஆளைக் கவிழ்க்கும்.

இங்கே பலருக்கும் தஞ்சாவூர் தலையாட்டி பொம்மை ஞாபகம் வரும். அடியில் கனம் இருந்தால் நிமிர்ந்துவிடும் என்று. அந்த உவமை சிறு படகுக்குப் பொருந்தாது. பொம்மை எழுந்திருப்பது அதன் கனம் முழுவதும் அடியில் இருப்பதால். தெப்பத்தின் மேல் நிற்கும் மீனவரின் எடை மையமோ தண்ணீர் மட்டத்துக்கு வெகு மேலே, கிட்டத்தட்ட அவர் தொப்புள் உயரத்தில் இருக்கிறது. அப்படியிருந்தும் அவர் விழவில்லை. கனம் அடியில் இருந்தால்தான் படகு நிற்கும் என்பது பாதி உண்மை. மீதிப் பாதி, அகலம்.

ஒரு தெப்பம் செய்வோம்

எண்களோடு பார்த்துவிடலாம். தெர்மாகோல் பலகைகளை அடுக்கி, சாக்கு சுற்றி, நைலான் கயிறு போட்டு இறுக்கிய ஒரு தெப்பம். நீளம் 2 மீட்டர், அகலம் 60 செ.மீ., கனம் 20 செ.மீ. தெர்மாகோலின் எடை 4 கிலோகூட வராது. சாக்கு, கயிறு, மேலே போட்ட பிளைவுட் துண்டு எல்லாம் சேர்த்து 10 கிலோ என்று வைப்போம். ஏறப்போகிறவர் 65 கிலோ.

மொத்தம் 75 கிலோ. தெப்பத்தின் அடிப்பரப்புக்கு இது ஆறேகால் செ.மீ. ஆழம் இறங்கினால் போதும். மீதி பதின்மூன்றே முக்கால் செ.மீ. தண்ணீருக்கு மேலே நிற்கிறது. பார்க்கத் தைரியமாக இருக்கும்.

ஆள் சம்மணம் போட்டு உட்கார்கிறார். அப்போது ஆளும் தெப்பமும் சேர்ந்த எடை மையம், தெப்பத்தின் அடிமட்டத்திலிருந்து சுமார் 40 செ.மீ. உயரத்தில் இருக்கும். தெப்பத்தை 5 டிகிரி சாய்ப்போம். மீட்டருக்கு ஒன்பது செ.மீ. சரிவு, அவ்வளவுதான். எடை மையம் பக்கவாட்டில் மூன்றரை செ.மீ. நகர்கிறது. மிதப்பு மையம் நாலரை செ.மீ. நகர்கிறது. ஒரு செ.மீ. வித்தியாசத்தில் தண்ணீர் ஜெயிக்கிறது. தெப்பம் நிமிர்கிறது.

இப்போது அவர் எழுந்து நிற்கிறார். எடை மையம் 98 செ.மீ. உயரத்துக்குப் போய்விட்டது. அதே 5 டிகிரி சாய்வு. எடை மையம் எட்டரை செ.மீ. நகர்கிறது. மிதப்பு மையம்? அதே நாலரைதான். தண்ணீருக்குள் இருக்கும் வடிவம் கொஞ்சமும் மாறவில்லையே. நாலு செ.மீ. வித்தியாசத்தில் எடை ஜெயிக்கிறது. கவிழ்கிறது.

எழுந்து நின்றதில் மாறியது இதுதான். எடையின் அளவு மாறவில்லை, அதன் உயரம் மாறியது. கவிழ்வதற்கு ஐந்து டிகிரி தேவைகூட இல்லை. அரை டிகிரி போதும். ஒருமுறை எடை மையம் முந்திவிட்டால், சாயச் சாய அது இன்னும் வேகமாக முந்தும்.

இருபது சென்டிமீட்டர்

இதே தெப்பத்தை 60 செ.மீ. அகலத்திலிருந்து 80 செ.மீ. ஆக்குவோம். கூடுதலாக ஒரு பலகை, ரெண்டு சுற்றுக் கயிறு. எடை 12 கிலோ ஆகிறது. அதே ஆள் எழுந்து நிற்கிறார். 5 டிகிரி சாய்க்கிறோம்.

எடை மையம் எட்டே கால் செ.மீ. சொச்சம் நகர்கிறது, முன்பு மாதிரியேதான். ஆனால் மிதப்பு மையம் இப்போது கிட்டத்தட்ட பத்து செ.மீ. நகர்கிறது. தெப்பம் நிமிர்கிறது. உட்கார மட்டுமே லாயக்காக இருந்த தெப்பம், நிற்கத் தகுந்த தெப்பமாகிவிட்டது. அகலத்தில் கூடியது மூன்றில் ஒரு பங்குதான், மிதப்பு மையத்தின் ஓட்டமோ இரண்டு மடங்குக்கும் மேல்.

எப்படி? முன்பு சொன்ன ஆப்பை நினைத்துப் பாருங்கள். அகலம் இரண்டு மடங்கானால், சாய்ந்த பக்கம் தண்ணீருக்குள் இறங்கும் ஆப்பு நீளத்திலும் தடிமனிலும் இரட்டிப்பாகிறது, ஆகவே நாலு மடங்கு பெரிது. அதோடு அது நடுக்கோட்டிலிருந்து இரண்டு மடங்கு தள்ளிப் போகிறது. நாலும் இரண்டும் பெருக்கினால் எட்டு. அகலத்தை இரட்டித்தால், நிமிர்த்தும் திறன் எட்டு மடங்கு. நீளத்தை இரட்டித்தால் வெறும் இரண்டு மடங்குதான். படகு செய்யும்போது கையில் ஒரு பலகை மீதமிருந்தால் அதை எங்கே சேர்ப்பது என்பதற்கு இதைவிடத் தெளிவான பதில் கிடையாது.

திருவள்ளூர் வீரராகவர் கோயில் குளத்திலும் இன்னும் எத்தனையோ ஊர்களிலும் நடக்கும் தெப்ப உற்சவத்தை இந்தக் கண்ணோடு பார்க்கலாம். பெரிய தெப்பங்களைக் காலிப் பேரல்களின் மேல்தான் கட்டுகிறார்கள். திருவாரூர்க் கமலாலயத்தில் நூற்றுக்கணக்கான பேரல்கள். மேலே மண்டபம், விதானம், விளக்கு, சாமி, நாதஸ்வரம், கூட்டம். எடை மையம் எங்கேயோ உயரத்தில். ஆனாலும் அசையாமல் சுற்றிவருகிறது. நீளத்துக்கு ஈடாக அகலத்தையும் வைத்துக் கட்டுகிற பழக்கம் அதைக் காப்பாற்றுகிறது.

எண்பது செ.மீ. தெப்பத்தில் நிற்பவர் வசதியாக நிற்கிறார் என்று நினைத்துவிட வேண்டாம். நடுக்கோட்டிலிருந்து நாலு விரற்கடை தூரம் ஒரு பக்கம் நகர்ந்தால், தெப்பம் பத்து டிகிரிக்கு மேல் சாய்ந்துவிடும். அப்போது மறுபக்க அடிப்பாகம் தண்ணீரைவிட்டுத் தூக்கிக்கொள்ளும். தண்ணீரில் பதிந்திருக்கும் அகலமே குறைந்துவிடுவதால் நிமிர்த்தும் திறனும் அங்கிருந்து சரியும். பழகின மீனவர் கால்களை அகட்டி, முழங்காலைத் தளர்த்தி, ஒவ்வொரு அசைவுக்கும் உடம்பால் பதில் சொல்லிக்கொண்டே இருக்கிறார். நமக்கு அது தெரிவதில்லை.

நாலாவது ஆள்

இந்த அத்தியாயத்தில் ஒன்றை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ள முடியும் என்றால், இந்தப் பகுதியை வைத்துக்கொள்ளுங்கள்.

எண்பது செ.மீ. தெப்பத்தின் மொத்தக் கொள்ளளவு 320 லிட்டர். 65 கிலோ ஆட்கள் நாலு பேரும் தெப்பமும் சேர்ந்து 272 கிலோ. ஆர்க்கிமிடீஸ் கணக்குப்படி நாலு பேர் தாராளமாகப் போகலாம், விளிம்பு இன்னும் மூன்று செ.மீ. வெளியே நிற்கும். எல்லோரும் சமர்த்தாக உட்கார்ந்தே வருகிறார்கள் என்றும் வைத்துக்கொள்வோம்.

ஆனால் ஆள் கூடக்கூட ஒன்று நடக்கிறது. தண்ணீருக்குள் இருக்கும் பாகம் ஆழமாகவும் பெரிதாகவும் ஆகிறது. சாய்வினால் உள்ளே இறங்கும் ஆப்பு மட்டும் அதே அளவில்தான் இருக்கிறது, அகலம் மாறவில்லையே. பெரிய உடலின் நடுப்புள்ளியைச் சிறிய ஆப்பால் அதிக தூரம் நகர்த்த முடியாது. மிதப்பு மையம் சோம்பிவிடுகிறது.

இரண்டு பேர் உட்கார்ந்தால் நல்ல நிலை. மூன்று பேர் உட்கார்ந்தால் மயிரிழையில் நிற்கும், ஒருவர் ஒரு சாண் பக்கவாட்டில் சாய்ந்தால் முடிந்தது. நாலு பேர் உட்கார்ந்தால், யாரும் அசையாவிட்டாலும் எடை மையம் முந்திவிடும். தெப்பம் மூழ்காது, விளிம்பு வெளியே தெரியும், கவிழ்ந்துவிடும். ‘இன்னும் இடம் இருக்கிறதே, ஏறு’ என்று சொல்லும் படகுக்காரர் பார்ப்பது விளிம்பின் உயரத்தை. அது காட்டுவது மூழ்கும் ஆபத்தை மட்டும்தான். கவிழும் ஆபத்தை அளக்க அதில் கோடு கிடையாது.

2011 டிசம்பர் 25, கிறிஸ்துமஸ் நாள். பழவேற்காட்டில் சுற்றுலா வந்தவர்கள் ஏறிச்சென்ற படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். அந்த ஏரியின் சராசரி ஆழம் ஒரு மீட்டர் அளவுதான். ஆழம் குறைவு என்ற தைரியத்தில் படகேறுகிறவர்கள் 22 என்ற இந்த ஓர் எண்ணையாவது தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

மலை உச்சியில் பிறந்த கப்பல் விதி

சாயும்போது மிதப்பு மையம் எவ்வளவு தூரம் ஓடும் என்பதைப் படகு மேல் ஒரு புள்ளியாகக் குறித்துவிடலாம். படகு அந்தப் புள்ளியில் கட்டித் தொங்கவிட்டது போலவே ஆடும். ஆகவே இதைத் தொங்குமையம் என்று சொல்லலாம், கப்பல் பொறியாளர்கள் மெட்டாசென்டர் என்பார்கள். எடை மையம் தொங்குமையத்துக்குக் கீழே இருந்தால் படகு நிமிரும், மேலே போனால் கவிழும். நம் 60 செ.மீ. தெப்பத்துக்கு அது அடியிலிருந்து 51 செ.மீ. உயரத்தில். 80 செ.மீ. தெப்பத்தில் ஓர் ஆள் நிற்கும்போது 1 மீட்டர் 13 செ.மீ. உயரத்தில். அதே தெப்பத்தில் நாலு பேர் உட்கார்ந்தால் 40 செ.மீ.க்கு இறங்கிவிடும்.

இதைக் கண்டுபிடித்தவர் பியேர் பூகே என்ற பிரெஞ்சு அறிஞர். பூமியின் வடிவத்தை அளக்க 1735இல் தென் அமெரிக்காவுக்குப் போன குழுவில் ஒருவர். ஆண்டிஸ் மலைத்தொடரில், இன்றைய எக்வடோர் நாட்டில், வருடக்கணக்கில் தங்கினார். கடலுக்கு எத்தனையோ ஆயிரம் அடி மேலே உட்கார்ந்து கப்பலைப் பற்றி யோசித்திருக்கிறார். புத்தகம் 1746இல் வெளிவந்தது.

அதற்கு நூறு ஆண்டுக்கும் மேல் முன்பே இந்தப் புள்ளி தெரிந்திருந்தால் ஸ்வீடன் மன்னரின் ‘வாசா’ போர்க்கப்பல் தப்பியிருக்கும். இரண்டு அடுக்குப் பீரங்கிகளும் உயரமான மேல்கட்டுமானமும் ஏற்றிய கப்பல் அது. புறப்படும் முன் 30 மாலுமிகளை மேல்தளத்தில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓடவிட்டுச் சோதித்தார்கள். மூன்றாவது ஓட்டத்தோடு நிறுத்திவிட்டார்கள், கப்பல் அங்கேயே கவிழ்ந்துவிடும் போலிருந்தது. ஆனாலும் மன்னர் அவசரப்படுத்தியதால் புறப்பட்டது. 1628 ஆகஸ்ட் 10 அன்று ஸ்டாக்ஹோம் துறைமுகத்திலேயே, முதல் பயணத்தில் சுமார் 1,300 மீட்டர் போவதற்குள், லேசான காற்றில் சாய்ந்து மூழ்கியது. சோதனை சரியாகத்தான் சொன்னது. கேட்க ஆளில்லை.

கட்டுமரம் ஏன் நிற்கிறது

கட்டுமரத்தைக் கடற்கரையில் ‘மரம்’ என்றே சொல்வார்கள். மலைவேம்பு போன்ற லேசான மரங்களைச் செதுக்கி, கயிற்றால் பிணைத்தது. ஆணி இல்லை. பயணம் முடிந்ததும் கட்டை அவிழ்த்துத் தனித்தனியாகக் கரையில் காயப் போடுவார்கள், ஈரம் ஊறிய மரம் கனத்துவிடும் என்பதால்.

5 மீட்டர் நீளம், நம் தெப்பத்தின் அதே 80 செ.மீ. அகலம், சராசரி 15 செ.மீ. கனம் உள்ள கட்டுமரத்தை எடுத்துக்கொள்வோம். மரத்தின் எடை தண்ணீரில் பாதி என்றால் 300 கிலோ வரும். அதில் 65 கிலோ ஆள் எழுந்து நிற்கிறார். மொத்த எடையில் ஆறில் ஐந்து பங்கு கீழே மரத்தில் இருப்பதால், கூட்டு எடை மையம் அடியிலிருந்து 25 செ.மீ. உயரத்தில்தான் இருக்கிறது. தெர்மாகோலில் அது 96 செ.மீ. உயரத்தில் இருந்தது. அகலம் இரண்டுக்கும் ஒன்றே. ஆனால் கட்டுமரத்தைச் சாய்க்கத் தெப்பத்தைப் போலப் பத்து மடங்கு முயற்சி தேவை.

தெர்மாகோலை எல்லோரும் மெச்சுவது அது லேசாக இருப்பதற்காக. நின்று வேலை செய்யும் படகுக்கு அந்த லேசுதான் பலவீனம். தூக்கிக்கொண்டு போகச் சுலபமாக இருப்பது தூக்கியெறியப்படவும் சுலபம்.

கட்டுமரத்துக்கு இன்னொரு பலமும் உண்டு. அதில் உள்ளே என்று ஓர் இடமே இல்லை. அலை மேலே ஏறினால் மரங்களின் இடுக்கு வழியாக வழிந்துவிடும். பிளைவுட்டில் பெட்டி மாதிரி செய்த படகில் அப்படி இல்லை. அடியில் நாலு விரல் தண்ணீர் தேங்கினால், படகு சாய்ந்த பக்கமே அந்தத் தண்ணீரும் ஓடி எடை மையத்தின் கூட்டாளி ஆகிவிடும். நீளவாக்கில் நடுவே ஒரு தடுப்புப் பலகை வைத்தால் இந்தத் தொல்லை நாலில் ஒரு பங்காகக் குறையும். அதைவிட நல்லது, கையோடு ஒரு குவளையை வைத்துக்கொண்டு இறைத்துவிடுவது.

துறைமுகம் வருவதற்கு முந்திய மதராஸில் கப்பல் பயணிகளை அலைகளைத் தாண்டிக் கரைக்குக் கொண்டுவந்தவை மசூலா படகுகள், பலகைகளைக் கயிற்றால் தைத்தவை. அவை கவிழ்ந்தால் ஆட்களைத் தூக்குவதற்குக் கூடவே கட்டுமரங்கள் வரும். எந்தப் படகு கவிழும், எது கவிழாது என்று அந்தக் கரைக்காரர்களுக்குக் கணக்கு இல்லாமலே தெரிந்திருந்தது. 2004 சுனாமிக்குப் பிறகு ஃபைபர் படகுகள் பரவி, கட்டுமரம் அரிதாகிவிட்டது. ஃபைபர் படகின் தளத்துக்கு அடியில் தெர்மாகோலோ நுரையோ அடைத்திருப்பார்கள். தண்ணீர் நிரம்பினாலும் மூழ்கக் கூடாது என்பதற்காக. கட்டுமரத்துக்கு அது தேவைப்பட்டதே இல்லை.

பேரல் உறிஞ்சும்

கும்மிடிப்பூண்டி சிப்காட் போன்ற தொழிற்பேட்டைகள் இருக்கும் பகுதியில் பழைய நீலப் பேரலுக்குப் பஞ்சமில்லை. வாங்குவதற்கு முன் அதில் என்ன ரசாயனம் இருந்தது என்று கேளுங்கள். மீன் இருக்கும் குளத்தில் அதைக் கழுவாதீர்கள். லேபிள் கிழிந்த பேரல் வேண்டவே வேண்டாம்.

இன்னொரு விஷயம் பலருக்கும் தெரியாதது. வெயிலில் கிடந்த பேரலுக்குள் காற்று 50 டிகிரிக்குச் சூடேறியிருக்கும். அதை மூடித் தண்ணீரில் இறக்கினால் உள்ளே காற்று 28 டிகிரிக்குக் குளிர்ந்து சுருங்கும். அடைப்பில் துளி இடைவெளி இருந்தால், 200 லிட்டர் பேரல் 13, 14 லிட்டர் தண்ணீரை உள்ளே இழுத்துக்கொள்ளும். ஒரு பக்கப் பேரல் மட்டும் உறிஞ்சினால் மிதவை அந்தப் பக்கம் சாய்ந்தே கிடக்கும். வாஷர் புதிதாகப் போட்டு, மேலே எம்-சீல் பூசிக் காயவிட்டு, நிழலில் ஆறிய பிறகு இறக்குவது நல்லது. பேரல்களை ஒட்டி ஒட்டிக் கட்டாமல் இரண்டு வரிசையாகப் பிரித்து, இடையே மூங்கில் குறுக்குச் சட்டம் கொடுத்தால் அதே பேரல்களுக்குப் பல மடங்கு நிதானம் வரும்.

தெர்மாகோலுக்கு எதிரி பெட்ரோல். பட்ட இடம் கரைந்து குழைந்துவிடும். எஞ்சின் வைக்கும் ஆசை இருந்தால் தெர்மாகோல் தெப்பத்தை மறந்துவிடுங்கள்.

காற்று, முகத்துவாரம்

2017 ஏப்ரலில் வைகை அணையில் தண்ணீர் ஆவியாகாமல் இருக்கத் தெர்மாகோல் பலகைகளை மிதக்கவிட்டதும், காற்று அவற்றைக் கரைக்குத் தள்ளியதும், நாடே சிரித்ததும் ஞாபகம் இருக்கும். சிரித்தவர்களில் எத்தனை பேர் அதே பலகையில் தாங்களே உட்கார்ந்திருப்பதாக நினைத்துப் பார்த்தார்கள் என்று தெரியவில்லை. ஐந்து செ.மீ. மட்டுமே தண்ணீரில் பதிந்த தெப்பத்துக்குத் தண்ணீரில் பிடிமானம் இல்லை. மேலே நிற்கும் ஆளின் உடம்பே பாய்மரம். துடுப்பு ஒரு திசை சொல்லும், காற்று வேறு திசை சொல்லும், தெப்பம் காற்றின் பேச்சைத்தான் கேட்கும்.

பழவேற்காட்டில் பகல் ஏறியதும் கடற்காற்று ஏரிக்குள் அடிக்கும், இரவில் தரைக்காற்று கடல்பக்கம் தள்ளும். முகத்துவாரத்தருகே வற்று நேரத்தில் ஏரித் தண்ணீர் கடலை நோக்கி இழுக்கும். மணல் அடைத்து வாய் குறுகியிருக்கும் காலத்தில் ஏரி அந்தக் குறுகின வழியாகத்தான் வடிய வேண்டும், அங்கே வேகம் இன்னும் கூடும். எதிரே வரும் அலையும் வெளியே ஓடும் நீரும் மோதும் இடத்தில் அலை செங்குத்தாக எழும். கையால் செய்த எந்தத் தெப்பமும் அங்கே போகக் கூடாது. ஏரிக்குள் கழி ஊன்றித் தள்ளுகிறவர்கள்கூட அந்தப் பக்கம் பார்த்துத்தான் போவார்கள்.

முழங்கால் தண்ணீரில்

வாசா கப்பலில் செய்தது போன்ற ஒரு சோதனையை நீங்களும் செய்யலாம். முழங்காலளவு தண்ணீர், கல் இல்லாத இடம். முதலில் ஒருவர் நடுவில் உட்காரட்டும். பக்கத்தில் நிற்பவர் விளிம்பை அழுத்திச் சட்டென்று விடட்டும். தெப்பம் வெடுக்கென்று திரும்பி இரண்டு மூன்று முறை ஆடி நிற்கும். அடுத்து, பயணத்தில் எத்தனை பேர், எவ்வளவு சாமான் என்று நினைத்திருக்கிறீர்களோ அத்தனையும் ஏற்றி அதையே செய்யுங்கள். முன்பைவிட மெதுவாக, யோசித்து யோசித்துத் திரும்பினால், எடை மையம் தொங்குமையத்தை நெருங்கிவிட்டது என்று பொருள். சொகுசாக ஆடுவதுபோல் தோன்றும் படகுதான் கவிழப்போகிற படகு.

அப்படி ஆடினால் ஆளை இறக்குங்கள், அல்லது கரைக்கு இழுத்து பக்கத்துக்கு ஒரு பலகை சேர்த்துக் கட்டுங்கள். உயிர்காப்பு உடையை உட்காருவதற்கு மெத்தையாகப் போடாமல் உடம்பில் மாட்டி, கொக்கியைப் போட்டுக்கொள்ளுங்கள். தண்ணீரில் யாரும் எழுந்து நின்று படம் எடுக்க வேண்டாம். படம் எடுக்கிறவர் கரையிலேயே இருக்கட்டும்.